உங்களுக்குத் தெரியுமா? சைகைமொழியும் சிகிச்சையே

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கிறது. ஆனால் 1990-களில் காது கேளாத நோயாளிக்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை அமர்த்த அது முன்வரவில்லை. இலவசமாக உதவிவந்த தொண்டு நிறுவனமும் நிதியில்லாமல் 1990-இல் அச்சேவையை நிறுத்திவிட்டது.

அந்தச் சூழலில் காது கேளாத பெண் ஒருவருக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததைச் செவிலியர் கையசைத்துத்தான் தெரிவித்தார். பிறந்தவுடன் குழந்தைகளைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதிக் காட்டியதைத் தவிர தாய்க்கு எந்த விளக்கமும் கிடைக்கவில்லை.

இவரும் இவருடைய கணவரும் இன்னொரு நோயாளியும் தொடுத்ததே 'எல்ட்ரிஜ்' வழக்கு. கீழ் நீதிமன்றங்களில் தோற்றவர்களுக்கு 1997 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நியாயம் வழங்கியது. மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதி. அதற்குத் தேவைப்படும் இடத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தராதது சமத்துவ உரிமையை மீறும் செயல் என்றது தீர்ப்பு. செலவு தாங்காது என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. எடுபடவும் கூடாது: மாகாணம் முழுமைக்கும் மதிப்பிடப்பட்ட செலவு 1,50,000 டாலர்தான், சுகாதார நிதியில் சுமார் 0.0025 விழுக்காடு. குறையைச் சரிசெய்ய அரசுக்கு நீதிமன்றம் தந்த அவகாசம் 6 மாதம்.