அந்த ஒரு வேளை மாத்திரைக்கு யார் செலவழித்தார்கள்?

திருவொற்றியூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தம்பிக்குக் காசநோய் மருந்து கொடுக்கிறார்கள். எல்லா மாத்திரையையும் காலையில் ஒரே தடவையில் விழுங்கச் சொல்கிறார்கள். குமட்டுகிறது என்கிறான். மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் ஆகாதா?”

ஆகாது. குமட்டலை மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. நீங்களாகப் பிரிக்க வேண்டாம். ஏன் என்பதற்கான விடை நம் ஊரிலேயே, சேத்துப்பட்டில், அரசாங்கப் பணத்தில் கிடைத்தது. உலகம் முழுக்கக் காசநோயாளிகள் இன்று மருந்தை ஒரே வேளையாகச் சாப்பிடுவதில் அந்த விடைக்குப் பெரிய பங்கு உண்டு.

மாத்திரைக் கூட்டில் முக்கியமானது ஐசோநியாசிட். ரத்தத்தில் மருந்து எந்நேரமும் ஒரே சீராக இருந்தால்தான் கிருமி சாகும் என்பது அக்கால நம்பிக்கை. 1950களின் பிற்பகுதியில் சென்னையில் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிகிராம், ஒரே வேளையில். இன்னொரு பிரிவினருக்கு ஏறக்குறைய அதே அளவு, இரண்டு வேளையாக. ஒரே வேளையில் சாப்பிட்டவர்களே அதிகம் தேறினார்கள்.

தண்டையார்பேட்டைச் சந்துகளில் லாரித் தண்ணீர் பிடிக்க வாசலில் நிற்கும் நீல டிரம்மை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓர் ஓட்டை. குழாயைப் பாதி உயரத்தில் வைத்திருக்கிறார்கள். நாலு குடத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் மட்டம் குழாயைத் தாண்டும், தண்ணீர் பாயும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஊற்றினால் மட்டம் குழாயை எட்டாமலே ஒழுகிவிடும். நாலு குடமும் செலவு, குழாயில் சொட்டு இல்லை. அந்த ஓட்டைதான் கல்லீரல். அங்கே உள்ள ஒரு நொதி ஐசோநியாசிட்டைச் செயலிழக்கச் செய்கிறது. ஓட்டையின் அளவு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. சென்னை நோயாளிகளில் ஐந்தில் மூன்று பேர் போலச் சின்ன ஓட்டைக்காரர்கள், மற்றவர்கள் பெரிய ஓட்டைக்காரர்கள். முதல் வகையினருக்கு மருந்து பாதியாகக் குறைய மூன்று மணி நேரம் ஆகும் என்றால், இரண்டாம் வகையினருக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சின்ன ஓட்டை டிரம்மில் அளவுக்கு மீறி ஊற்றினால் தண்ணீர் விளிம்பில் வழிந்து வாசலைச் சேறாக்கும். நரம்பு பாதித்துக் கால் எரிச்சலும் மதமதப்பும் வருவது அதுதான். பி6 வைட்டமின் அந்த இடத்தில் போடும் கல் தளம். லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றாலோ பெரிய ஓட்டை வீடு காய்ந்து கிடக்கும். வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாக மருந்தை அழிக்கும் உடல்வாகு உள்ளவர்கள்தான் பின்தங்கினார்கள்.

குழாய்த் தண்ணீர் ஒருதரம் நன்றாக நனைத்துவிட்டால் கிருமி உடனே எழுவதில்லை. மருந்து ரத்தத்தைவிட்டுப் போன பிறகும் சில நாள் பெருகாமல் கிடக்கிறது. ஆகவே வாரம் இருமுறை, மருத்துவ ஊழியர் கண்ணெதிரே கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று 1960களில் காட்டினார்கள். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தினக்கூலி வாங்குகிறவருக்கும் அன்றாடம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது நடக்கிற காரியமா? விட்டுவிட்டுத் தரும் முறை பிற்காலத்தில் தேசியத் திட்டத்திலும் இடம்பெற்றது. பிறகு, இந்தச் சோதனைகளை நடத்திய அதே சேத்துப்பட்டு நிறுவனம், எச்.ஐ.வி. உள்ள நோயாளிகளிடம் தினசரி மருந்தே மேல் என்று தன் பழைய வழியைத் திருத்திச் சொன்னது. 2017இல் நாடு தினசரி முறைக்கு மாறியது. ஒரு வேளை என்பது மட்டும் மாறவில்லை.

அந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தாலும் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், வீட்டாருக்குத் தொற்று கூடுவதும் இல்லை என்று நிறுவினார்கள்.

இனி காசு விஷயம். ஐசோநியாசிட்டை 1912இலேயே பிராக் நகரில் இருவர் தயாரித்திருந்தார்கள். அது காசநோய்க்குக் கேட்கும் என்று 1952இல் தெரிந்தபோது, பொருள் பழசு என்பதால் யாரும் காப்புரிமை கோர முடியவில்லை. மலிவான மாத்திரையை இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை போடலாமா என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? விடையை விற்க முடியாதே. அரசு மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி நிதி ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. பெரிதாகக் கொண்டாடினார்கள். அது பெரும்பாலும் தனியார் துறைக்கான நீண்ட காலக் கடன், குறைந்த வட்டிக்கோ வட்டியில்லாமலோ. சந்தைக்குப் போகத்தக்க தொழில்நுட்பத்துக்கு உதவும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கடனைத் திருப்ப வேண்டியவர் விற்க முடியாத விடையைத் தேட மாட்டார். அந்தத் தேடலுக்குப் பணம் தர வேண்டிய சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 2025-26இல் ஒதுக்கியது சுமார் 3,900 கோடி. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் முழங்கினோம். 2015இல் லட்சத்துக்கு 237 பேர் என்றிருந்த புதிய நோயாளிகள் 2024இல் 187 ஆனார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல இறக்கம்தான், ஆனால் ஒழிப்பு எங்கோ இருக்கிறது.

அப்படி விற்க முடியாத விடை கொண்ட ஒரு கேள்வியை வடசென்னைக்காக நான் வைக்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. ராயபுரத்து மொட்டை மாடிகளில் படிந்த கரித்தூசி குறைந்தது. நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. தூசி போன தெருவிலும் வந்த தெருவிலும் காசநோயாளிகள் எத்தனை பேர், அவர்கள் தேறும் வேகம் என்ன, சிகிச்சை முடிந்தபின் நுரையீரலில் மிஞ்சுவது எவ்வளவு? இதை அளக்கச் சளிப் பரிசோதனையும், மூச்சளவு பார்க்கும் கருவியும், வீடு வீடாகப் போகும் ஊழியர்களும், ஐந்தாண்டுச் சம்பளமும் போதும்.