மெஸ் வாளியில மிஞ்சின சோறு எங்க போகுது?

இன்னைக்கு எபிசோடை எங்க ஊர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். உத்தனப்பள்ளி. ஓசூர்ல இருந்து ராயக்கோட்டை போற ரோட்டுல இருக்கு. பின்னாடி வண்டிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. தக்காளி லாரியா, கம்பெனி பஸ்ஸான்னு இப்பல்லாம் எனக்கே சத்தத்தை வச்சு அடையாளம் தெரியறதில்ல.

காலேஜ் கேம்பஸ்ல குப்பையைக் குறைக்கிறது பத்தி பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஸ்டீல் பாட்டில், துணிப்பை, மாடியில சோலார் பேனல்னு ஆரம்பிக்கிறதுதான் வழக்கம். நான் ஒரு மாட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது எங்க வீட்டுல ஒரு ஜெர்சி கலப்பு மாடு இருந்துச்சு. சினை மாடு. தீவனம் விலை ஏறிப்போச்சுன்னு அப்பா ஓசூர் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல பேசி வச்சு, தினமும் டிவிஎஸ் எக்ஸ்எல்ல ரெண்டு கேன் கட்டிட்டுப் போய் மிஞ்சின சோறு எடுத்துட்டு வருவார். பைசா செலவில்ல, மாடும் ஆசையா சாப்பிடும். ஒரு நாள் ஹாஸ்டல்ல ஏதோ விழா. பாதிப் பேர் சாப்பிட வரல போல, ரெண்டு கேனும் நிறைய பொங்கலும் வெள்ளைச் சோறும் வந்துச்சு. வீணாப் போகக்கூடாதேன்னு அப்பா எல்லாத்தையும் தொட்டியில கொட்டிட்டார். மறுநாள் காலையில மாடு எந்திரிக்கல. வயிறு உப்பிக்கிடந்துச்சு, அசை போடறது நின்னுபோச்சு.

மாட்டு டாக்டர் வந்து அப்பாவை நல்லாத் திட்டினார். அவர் அன்னைக்குச் சொன்னதைத்தான் இப்ப உங்களுக்கும் சொல்றேன். மாட்டோட முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கிற பானை மாதிரி. அதுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெதுவா உடைச்சுக்கிட்டே இருக்கும். வெந்த சோறு முழுக்க மாவுச்சத்து, அது ரொம்ப வேகமா நொதிச்சிடும். லாக்டிக் அமிலம் குபுகுபுன்னு உண்டாகி உள்ள புளிப்பு ஏறினா, புல்லைச் செரிக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போயிடும். அதுக்கப்புறம் அந்தப் பானை வேலை செய்யாது. மாட்டுப் பொங்கல் சமயத்துல மாட்டுக்கு அளவுக்கு மீறி பொங்கல் ஊட்டாதீங்கன்னு கால்நடை டாக்டர்கள் வருஷா வருஷம் சொல்றது இதுக்குத்தான்.

மாடு பிழைச்சுது. கன்னு தங்கல. பாலும் பழைய அளவுக்கு வரவேயில்ல. அடுத்த வருஷம் சந்தையில வித்துட்டோம். இதுல ஹாஸ்டல் மேல எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, கேட்டு வாங்கினது எங்கப்பாதான். ஆனா மூணு வருஷம் கழிச்சு நானே ஒரு ஹாஸ்டல்ல சேர்ந்து, தட்டு கழுவுற இடத்துல அதே மாதிரி கேன்களைப் பார்த்தப்ப, ‘இது எங்க போகுது?’ங்கிற கேள்விதான் முதல்ல வந்துச்சு.

பதில் சுலபமாக் கிடைக்கல. கொஞ்சம் பன்னி வளர்க்கிறவங்க எடுத்துட்டுப் போனாங்க. சில நாள் அவங்க வர மாட்டாங்க. அன்னைக்கு டிராக்டர்ல ஏத்தி ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பள்ளத்துல கொட்டிட்டு வந்துடுவாங்க. பன்னிக்காரர் ஒருத்தர் ஒரு நாள் சண்டைக்கே வந்துட்டார். வாளிக்குள்ள கெச்சப் பாக்கெட், ஸ்பூன், ஐஸ்கிரீம் குச்சின்னு எல்லாம் கிடக்கும். குட்டிங்க முழுங்கிடுதாம். ஏதோ சின்ன ஊர் காலேஜ்லதான் இப்படின்னு நினைச்சுக்காதீங்க. சென்னை ஐ.ஐ.டி. வளாகம் கிண்டிக் காட்டை ஒட்டி 600 ஏக்கருக்கு மேல இருக்கு. புள்ளிமானும் வெளிமானும் திரியற இடம். அங்க செத்துப்போன மான்களோட வயித்துல பிளாஸ்டிக் இருந்ததா செய்தி வந்து, பெரிய விவாதமே ஆச்சு.

சரி, ஒரு மெஸ்ஸுல எவ்வளவுதான் வீணாகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பேர் சாப்பிடற ஹாஸ்டல்ல ஆளுக்கு வெறும் 100 கிராம் தட்டுல விட்டா, அதாவது ஒரு சின்னக் கரண்டி சோறு, ஒரு வேளைக்கு 60 கிலோ. மூணு வேளைக்கு 180 கிலோ. 2016-ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே, ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை உண்டாக்கற இடத்துக்கு ‘மொத்தக் கழிவு உற்பத்தியாளர்’னு ஒரு பேர் வச்சிருந்தாங்க. ஹோட்டல், அப்பார்ட்மென்ட், காலேஜ், ஹாஸ்டல் எல்லாம் அதுல வரும். மக்கற குப்பையை முடிஞ்சவரைக்கும் தங்களோட வளாகத்துக்குள்ளயே மக்க வைக்கணும்னு விதி. அந்த 100 கிலோவைத் தாண்ட ஒரு ஹாஸ்டலுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி போதும்.

உலக அளவுலயும் ஒரு கணக்கு இருக்கு. 2022-ல மட்டும் 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல சொன்னது. மக்கள் கைக்கு வந்த உணவுல அது 19 சதவீதம். அதுல 29 கோடி டன் ஹோட்டல், கேன்டீன் மாதிரி பரிமாறுற இடங்கள்ல இருந்து வந்தது. நம்ம மெஸ் அந்தக் கணக்குலதான் வரும்.

நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து முதல்ல பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தராசு கொண்டு வந்தோம். பழைய இரும்புக்கடை தராசு. ஒரு வாரம் ஒவ்வொரு வேளையும் மிஞ்சினதை எடை போட்டு, மெஸ் வாசல் போர்டுல சாக்பீஸ்ல எழுதி வச்சோம். ‘என்னடி, இன்ஜினியரிங் படிக்க வந்துட்டு எச்ச சோத்தை எடை போட்டுட்டு இருக்க’ன்னு கிண்டல் பண்ணாத ஆளே இல்ல. இதுல ஒரு விஷயம் முக்கியம்: தட்டுல மிஞ்சினதையும் பாத்திரத்துல மிஞ்சினதையும் தனித்தனியா எடை போடணும். ரெண்டும் வேற வேற வியாதி.

பாத்திரத்துல மிஞ்சினா, சமைக்கிற அண்ணனுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியலன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பாங்க, ஆனா உலையில முழு அரிசி போயிடும். முதல் நாள் ராத்திரியே ‘நாளைக்கு நான் இல்ல’ன்னு டிக் பண்ற ஒரு நோட்டு வச்சாலே இது பெருமளவுக்கு சரியாகும். இப்படி மிஞ்சறது நல்ல சாப்பாடு. யார் கையும் படாதது. சூடு ஆறி கெட்டுப்போறதுக்குள்ள யாருக்காவது கொடுக்கலாம். அதுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2019 விதிமுறைகள் இருக்கு.

தட்டுல மிஞ்சறதுக்குக் காரணம் வேற: முதல் கரண்டியே பெருசு. ‘கொஞ்சமா போடுங்கண்ணா’ன்னு சொல்ல கூச்சம், பின்னாடி வரிசை வேற நீளம். அமெரிக்கக் காலேஜ்கள்ல 2008 வாக்குல டிரேயை எடுத்துட்டு வெறும் தட்டு மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. அராமார்க்ங்கிற கேட்டரிங் கம்பெனி கணக்குப்படி உணவு வீணாவது கால்வாசிக்கும் மேல குறைஞ்சுது. ஒருத்தருக்கும் அறிவுரை சொல்லல, தூக்கற இடத்தைச் சின்னதாக்கினாங்க, அவ்வளவுதான். நாங்களும் சோத்துக் கரண்டியை மட்டும் சின்னதா மாத்தச் சொன்னோம். ரெண்டாவது தடவை யார் வேணும்னாலும் வாங்கலாம். மாஸ்டர் முதல்ல ஒத்துக்கல. ‘கஞ்சன்னு என் பேர் கெட்டுடும்மா’ன்னார். அவர் பயமும் நியாயம்தான்.

குறைச்சதுக்கு அப்புறமும் மிஞ்சறது இருக்கே, அதை என்ன பண்றது? இங்கதான் நாங்க நல்லா அடி வாங்கினோம்.

சோத்தை மட்டும் ஒரு குழியில கொட்டி மண்ணைப் போட்டு மூடினோம். நாலே நாள்ல பக்கத்துல போக முடியல. புழு, ஈ, அப்படி ஒரு நாத்தம். வார்டன் வந்து மூடச் சொல்லிட்டாங்க. சோறு ஈரம், குழைஞ்சு ஒட்டிக்கும், உள்ள காத்து போக இடமே இருக்காது. காத்து இல்லாத இடத்துல வேலை செய்யற நுண்ணுயிர்கள் வேற ரகம். அதுங்க நாத்தத்தையும் மீத்தேனையும் உண்டாக்கும். நூறு வருஷக் கணக்குல பார்த்தா, ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடை விட சுமார் 27 மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும். குப்பைமேடுகள் தானாத் தீப்பிடிச்சு எரியறதுக்கும் இந்த மீத்தேன் ஒரு காரணம்.

அப்புறம் ஒரு மெஷின் விக்கிறவர் வந்தார். 24 மணி நேரத்துல உரம்னார். அதுல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. பல மெஷின்கள் சோத்தைச் சூடாக்கிக் காய வச்சுத் தூளாக்கும், அவ்வளவுதான். அந்தத் தூள்ல தண்ணி பட்டா மறுபடி புளிச்சு நாறும். மக்கறதுக்கு வாரக்கணக்குல நேரம் வேணும், அதைக் கரண்ட்ல வாங்க முடியாது.

வழி சொன்னது எங்கப்பா. லீவுக்கு வந்தப்ப கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, ‘எருக்குழியில வெறும் சாணியையா போடறோம்? குப்பை செத்தை போடறோம் இல்ல’ன்னார். எங்க காலேஜ்ல புங்க மரமும் தூங்குமூஞ்சி மரமும் நிறைய. தினமும் காலையில சருகைக் கூட்டிக் குமிச்சு எரிப்பாங்க. கிளாஸ் ரூம் வரைக்கும் புகை வரும். ஒரு மூலையில சோறு நாறிக்கிட்டு இருக்கு, இன்னொரு மூலையில சருகு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ரெண்டையும் ஒண்ணா சேர்க்கணும்னு இத்தனை பேருக்கும் தோணல பாருங்க.

விஞ்ஞானம் இதைத்தான் கார்பன்-நைட்ரஜன் விகிதம்னு சொல்லுது. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25-லேர்ந்து 30 பங்கு கார்பன் இருந்தா மக்கற வேலை நல்லா நடக்கும். சமையல் கழிவுல கார்பன் பத்தாது, காய்ஞ்ச சருகுல ஏராளம். சருகு இன்னொரு வேலையும் செய்யுது, நடுவுல காத்து போக வழி விடும். ஒரு வாளி கழிவுக்கு ரெண்டு மூணு வாளி சருகு, மேல கொஞ்சம் சாணிக் கரைசலோ பழைய எருவோ. வாரம் ஒரு தடவை புரட்டணும். ஈரம் சரியா இருக்கான்னு பார்க்க மீட்டர் வேண்டாம், புட்டுக்கு மாவு பிசையற பதம்தான். கையில பிடிச்சா பிடியணும், விரலால தட்டினா உதிரணும், தண்ணி சொட்டக்கூடாது. ரெண்டு மூணு நாள்ல ஒரு இரும்புக் கம்பியை உள்ள சொருகி எடுத்தா கை வைக்க முடியாத சூடு இருக்கும். 55 டிகிரிக்கு மேல போய் சில நாள் நின்னா களை விதையும் பெரும்பாலான நோய்க்கிருமியும் போயிடும். ஞாயித்துக்கிழமை சிக்கன் எலும்பை மட்டும் தனியா எடுத்துடுங்க, நாய் வந்து தோண்டும். இன்னொண்ணு, சாம்பார், ஊறுகாய்னு மெஸ் கழிவுல உப்பு அதிகம். அதனால அந்த உரத்தை நேரா நாத்துக்குப் போடாம மண்ணோட நல்லாக் கலந்து போடணும்.

இதெல்லாம் ஓடிக்கிட்டு இருந்தப்ப குப்பை அள்ளற அக்கா ஒருத்தங்க எங்களைக் கூப்பிட்டுச் சொன்ன விஷயம் ஒண்ணு இருக்கு. ‘சோறு கூட பரவால்ல கண்ணு, நாப்கினைக் காகிதம் கூட சுத்தாமப் போடறீங்களே, அதை நான்தான் கையால பிரிக்கிறேன்.’ கிளவுஸ் கொடுத்திருந்தாங்க, ஒரு வாரத்துல கிழிஞ்சு போச்சாம். நாங்க பாத்ரூம் பக்கமே யோசிக்கல. புனேயில குப்பை சேகரிக்கிற பெண்களோட கூட்டுறவான ‘ஸ்வச்’ இதுக்குன்னே ஒரு பிரச்சாரம் பண்ணாங்க: பேப்பர்ல சுத்தி மேல ஒரு சிவப்புப் புள்ளி வைங்க, பார்த்ததும் தெரியும், பிரிக்க வேண்டாம். ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை நூல்ல கட்டி ஒவ்வொரு மாடி பாத்ரூம்லயும் தொங்க விட்டோம். பேனா பாதி காணாமப் போச்சு. மறுபடி வாங்கி வச்சோம்.

டீ கப் பத்திக் கேட்டிருந்தீங்க. பேப்பர் கப்புன்னு சொல்றோமே, உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருப்பாங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து தடை பண்ண 14 பொருள்கள்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் ஒண்ணு. கேன்டீன்ல இன்னும் பார்க்கறீங்கன்னா, அதைக் கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. ஐ.ஐ.டி. காரக்பூர் ஆராய்ச்சியில, சூடான 100 மில்லி 15 நிமிஷம் அந்தக் கப்புல இருந்தா சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள் கலக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. கண்ணாடி கிளாஸ்ல குடிங்க. டீயும் நல்லா இருக்கும்.

‘ஒரு ஹாஸ்டல் மாறி என்ன ஆகப்போகுது’ன்னு கமென்ட் வரும், தெரியும். எங்க ஊர்ப்பக்கம் வந்தீங்கன்னா ஓசூர்ல கெலவரப்பள்ளி அணையைப் பாருங்க. நந்தி மலையில பிறந்து வர தென்பெண்ணை, பெங்களூரு பக்கத்துக் கழிவுநீரையும் சேர்த்துக்கிட்டு தமிழ்நாட்டுக்குள்ள வருது. மழைக்காலத்துல தண்ணி திறந்தா மலை மாதிரி வெள்ளை நுரை பொங்கும். அங்க யாரோ அலசி ஊத்தின சோப்புத் தண்ணிக்கு இங்க வயல் ஓரத்துல நுரை. நானும் இப்ப பெங்களூருல வாடகை வீட்டுலதான் இருக்கேன். துணி துவைக்கும்போதெல்லாம் அந்த நுரை ஞாபகம் வரும்.

உத்தனப்பள்ளி சுத்துவட்டாரத்துல இப்ப ஹாஸ்டல்கள் கூடிக்கிட்டே போகுது. பக்கத்துல டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு, ஆயிரக்கணக்கான பொண்ணுங்க வேலைக்காக வந்து தங்கறாங்க. அத்தனை பேருக்கும் மூணு வேளை சமையல் நடக்குது. இன்னொரு பக்கம் தக்காளி விலை விழுந்தா பறிக்கிற கூலிக்குக் கூட கட்டாதுன்னு ரோட்டோரம் கொட்டறதும் இதே ஊர்லதான். 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்ப அதே தக்காளிக்காக சட்டினி இல்லாம இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?

நாங்க வச்ச அந்தக் குழி இன்னும் ஓடுதான்னு கேட்டா, ஒரு குழி ஓடுது. ரெண்டாவது, அதைப் பார்த்துக்கிட்ட பசங்க பாஸ் அவுட் ஆனதும் நின்னுபோச்சு. இப்ப ஜூனியர்ஸ் மறுபடி ஆரம்பிக்கிறாங்க. போன மாசம் ரெண்டு மூட்டை உரம் கொடுத்தாங்க. அப்பா தக்காளிக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். ‘புளிப்பு வாசம் இல்ல, போடலாம்’னார்.