காலிக் குப்பி யாருக்கு?

வண்ணநீர் விளையாட்டில் சிக்கலான கட்டத்தைக் கடக்க ஒரு வழி

மின்சார ரயிலில், வங்கி வரிசையில், டாக்டர் அறைக்கு வெளியே என்று எங்கு பார்த்தாலும் சிலர் செல்போனில் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பதைக் காணலாம். திரையில் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நான்கு அடுக்கு வண்ணநீர். ஒரு குப்பியைத் தொட்டு இன்னொன்றைத் தொட்டால் முதல் குப்பியின் மேல் அடுக்கு அடுத்ததில் சாயும். கடைசியில் ஒரு குப்பிக்கு ஒரே வண்ணம் என்று பிரித்து முடிக்க வேண்டும். 'வாட்டர் சார்ட்' என்பது இதன் பொதுப்பெயர். தண்ணீருக்குப் பதிலாகப் பந்துகளை வைத்தால் 'பால் சார்ட்'.

விதிகள் இரண்டே. காலிக் குப்பியில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். காலியாக இல்லாத குப்பியில், மேலே அதே வண்ணம் இருந்து, இடமும் இருந்தால் மட்டுமே ஊற்றலாம். மேலே ஒரே வண்ணம் இரண்டு மூன்று அடுக்காக இருந்தால், இடமுள்ள மட்டும் சேர்ந்தே சாயும்.

இதற்கு எழுத்து வேண்டாம், மொழி வேண்டாம். வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது சிறு விஷயம் அல்ல. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கும் பாட்டிக்கு இந்தி வராது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் பேரனுக்குத் தமிழ் தயங்கித் தயங்கித்தான் வரும். "அந்தப் பச்சையை இதுல ஊத்துடா" என்பதற்கு அந்தத் தமிழே போதும். ஆனால் கடினமான கட்டம் வந்ததும் என்ன நடக்கிறது? 'விளம்பரம் பார்த்தால் கூடுதல் குப்பி ஒன்று தருகிறேன்' என்கிறது செல்போன். பிள்ளை பொத்தானை அழுத்துகிறான். அங்கே பாட்டியின் வேலை முடிந்து விளம்பரக்காரரின் வேலை தொடங்கிவிடுகிறது. கூடுதல் குப்பி இல்லாமலே கடக்க முடியும் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சிக்கலான கட்டம்

விளையாட்டில் வழக்கமாக இரண்டு காலிக் குப்பிகள் இருக்கும். தாளில் பின்தொடர வசதியாக இங்கே ஒன்று மட்டும் வைத்துக்கொள்வோம். நான்கு வண்ணங்கள், ஐந்து குப்பிகள். மேலிருந்து கீழாகப் படிக்கவும்.

அ: சிவப்பு, மஞ்சள், பச்சை, மஞ்சள்
ஆ: சிவப்பு, பச்சை, நீலம், பச்சை
இ: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள்
ஈ: நீலம், மஞ்சள், நீலம், சிவப்பு
உ: காலி

பார்த்தவுடன் கண்ணில் படுவது அ, ஆ இரண்டின் தலையிலும் இருக்கும் சிவப்பு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே, இரண்டையும் காலிக் குப்பியில் சேர்த்துவிடலாம் என்று கை போகும். சேர்த்துப் பாருங்கள். இப்போது அ-வின் தலையில் மஞ்சள், ஆ-வின் தலையில் பச்சை. இரண்டிலும் ஓரிடம் காலிதான். ஆனால் மஞ்சளுக்கும் பச்சைக்கும் துணை மேலே எங்கும் இல்லை. இ, ஈ இரண்டும் நீலத்தைச் சுமந்து நிறைந்து நிற்கின்றன. இரண்டே முறை ஊற்றியதில் ஆட்டம் முடிந்துவிட்டது!

சரி, எந்த வண்ணம் அதிக ஆழத்தில் இல்லையோ அதை முதலில் எடுக்கலாமே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். சிவப்பு இருக்கும் அடுக்குகள் 1, 1, 2, 4, கூட்டினால் 8. நீலம் இருக்கும் அடுக்குகள் 1, 1, 3, 3, அதுவும் 8. ஆழக் கணக்கு இங்கே கை கொடுக்காது.

சொந்த வீடும் வாடகை வீடும்

குப்பிகளின் அடியைப் பாருங்கள். அ-வின் அடியில் மஞ்சள், ஆ-வில் பச்சை, இ-யில் மஞ்சள், ஈ-யில் சிவப்பு. நீலம் எதன் அடியிலும் இல்லை.

அடியில் இருக்கும் வண்ணத்துக்கு அந்தக் குப்பி சொந்த வீடு மாதிரி. மேலே இருப்பவை காலியானதும் அங்கேயே அது சேர்ந்துகொள்ளலாம். சிவப்புக்கு ஈ-யில் சொந்த வீடு இருக்கிறது. கொஞ்சம் காத்திருந்தால் போதும். அதை வாடகை வீட்டில் குடிவைப்பானேன்? நீலத்துக்கோ சொந்தமாக ஓரடி நிலம் இல்லை. என்றைக்கு இருந்தாலும் அது ஒரு காலிக் குப்பிக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே காலிக் குப்பி நீலத்துக்கே. வீடு மாறி வீடு மாறி வாழும் நமக்கு இந்த நியாயம் எளிதாகப் புரியும்!

இதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும். மேலே இருப்பதை எடுத்தால் கீழே எது தெரியும்? அதனால் யாருக்கு இடம் கிடைக்கும்? இரண்டு நீலத்தையும் எடுத்தால் இ-யில் சிவப்பு தெரிகிறது. அ, ஆ தலையிலுள்ள சிவப்பில் ஒன்றுக்கு அங்கே இடம் உண்டு. சிவப்பை எடுத்தபோது இப்படி எவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

இன்னும் இரண்டு பொறிகள்

நீலம் இரண்டும் உ-வுக்குப் போய்விட்டன. இப்போது சிவப்பை இ-யில் ஊற்ற வேண்டும். அ-விலிருந்தா, ஆ-விலிருந்தா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. ஆ-வின் சிவப்பை எடுத்தால் அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும், அதற்குத் துணை இல்லை, ஆட்டம் நின்றுவிடும். அ-வின் சிவப்பை எடுத்தால் மஞ்சள் தெரியும். ஈ-யின் தலையிலும் மஞ்சள்! ஆகவே அ-வின் சிவப்பே சரி.

அடுத்தது மூன்றாவது பொறி. அ-வில் ஒரு மஞ்சள், ஈ-யில் ஒரு மஞ்சள்; இரண்டிலும் ஓரிடம் காலி. எதை எதன்மேல் ஊற்றுவது? அ-விலிருந்து ஈ-க்கு ஊற்றினால் அ-வில் பச்சை தெரியும், அதற்கு யாரும் இல்லை, மறுபடி அடைப்பு. ஈ-யிலிருந்து அ-வுக்கு ஊற்றினால் ஈ-யில் நீலம் தெரியும். நீலத்துக்கு உ-வில் இடம் காத்திருக்கிறது. அது போனதும் ஈ-யில் மிஞ்சுவது அடிச்சிவப்பு மட்டுமே. சிவப்பின் சொந்த வீடு திறந்துவிட்டது.

முழு வழி இதோ:

1. இ-யின் நீலம் உ-வுக்கு
2. ஈ-யின் நீலம் உ-வுக்கு
3. அ-வின் சிவப்பு இ-க்கு
4. ஈ-யின் மஞ்சள் அ-வுக்கு
5. ஈ-யின் நீலம் உ-வுக்கு
6. இ-யின் இரண்டு சிவப்பு ஈ-க்கு
7. ஆ-வின் சிவப்பு ஈ-க்கு (சிவப்பு நிறைந்தது)
8. ஆ-வின் பச்சை இ-க்கு
9. ஆ-வின் நீலம் உ-வுக்கு (நீலம் நிறைந்தது)
10. இ-யின் இரண்டு பச்சை ஆ-வுக்கு
11. அ-வின் இரண்டு மஞ்சள் இ-க்கு
12. அ-வின் பச்சை ஆ-வுக்கு (பச்சை நிறைந்தது)
13. அ-வின் மஞ்சள் இ-க்கு (மஞ்சள் நிறைந்தது)

பதின்மூன்று முறை ஊற்றியதில் நான்கு வண்ணமும் தனித்தனியே. அ இப்போது காலி. எட்டாவதும் பத்தாவதும் கவனிக்கத் தக்கவை. பச்சை தன் சொந்த வீடான ஆ-வை விட்டு வெளியே போய், நடுவில் இருந்த நீலத்துக்கு வழி விட்டு, மறுபடி திரும்பி வருகிறது. ஒரு அடுக்கை இரண்டு முறை நகர்த்துவது வீண் வேலை ஆகாது.

மனத்தில் கொள்ள வேண்டியவை

ஒன்று: தொடங்கும்முன் குப்பிகளின் அடி அடுக்கை மட்டும் ஒருமுறை படியுங்கள். எந்த அடியிலும் இல்லாத வண்ணம் எது? காலிக் குப்பிக்கு முதல் உரிமை அதற்கு.

இரண்டு: காலிக் குப்பி என்பது கைமுதல். செலவழித்தால் எப்படித் திரும்பி வரும் என்று தெரிந்த பிறகே செலவழிக்க வேண்டும். இரண்டு காலிக் குப்பிகள் இருந்தால் ஒன்றைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது நல்லது.

மூன்று: ஒரே வண்ணம் இரண்டு குப்பிகளின் தலையில் இருந்தால், எந்தப் பக்கம் ஊற்றினால் பயனுள்ள வண்ணம் வெளிப்படும் என்று பாருங்கள். திசை மாறினால் முடிவே மாறும்.

நான்கு: சில கட்டங்களில் கீழடுக்குகள் கேள்விக்குறியால் மறைக்கப்பட்டிருக்கும். அங்கே முதல் ஆட்டம் வேவு பார்க்கத்தான். எங்கே எது இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். விளம்பரம் பார்த்துக் கூடுதல் குப்பி வாங்குவதைவிட இது மேல்.

சூத்திரம் உண்டா?

மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. லாரியில் கடைசியாக ஏற்றிய பெட்டிதான் முதலில் இறங்கும். முதலில் ஏற்றிய இட்லிப் பானை வேண்டுமென்றால் முன்னால் இருப்பதையெல்லாம் தெருவில் இறக்கி வைத்தாக வேண்டும். கணிப்பொறித் துறையில் இந்த அமைப்புக்கு 'அடுக்கு' என்றே பெயர். 1883இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூக்கா வெளியிட்ட 'ஹனாய் கோபுரம்' என்ற விளையாட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அதற்கு உறுதியான சூத்திரம் உண்டு. எட்டு வட்டுகள் என்றால் குறைந்தது 255 நகர்வுகள். வழியும் ஒரே ஒழுங்கில் போகும்.

வண்ணநீருக்கு அப்படி ஒரு சூத்திரம் கிடைக்கவில்லை. 2022இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் குழு ஒன்று இந்த விளையாட்டைக் கணித முறையில் ஆராய்ந்தது. ஒரு கட்டத்தை முடிக்க முடியுமா என்று தீர்மானிக்கும் கேள்வி, பொது நிலையில், 'என்.பி. முழுமை' எனப்படும் கடினமான வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார்கள். அதாவது, குப்பிகள் எத்தனை பெருகினாலும் எல்லாக் கட்டங்களுக்கும் விரைந்து விடை சொல்லும் முறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை. நீராக இருந்து தீரும் கட்டம் பந்தாக இருந்தாலும் தீரும், பந்தில் தீருவது நீரிலும் தீரும் என்பதும் அவர்கள் காட்டிய செய்தி. எனவே கட்டம் சிக்கினால் பிள்ளையை 'மக்கு' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை!

திரையை விட்டு வெளியே

இதை ஆட செல்போன்தான் வேண்டும் என்பதில்லை. தையல் பெட்டியிலிருந்து நான்கு நிறத்தில் நான்கு நான்கு பொத்தான்கள், தாளில் ஐந்து நீளக் கட்டங்கள், அவ்வளவே. கட்டங்களுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று குழந்தையே எழுதட்டும். விளம்பரம் வராது, கண்ணும் வலிக்காது. ஒவ்வொரு முறை நகர்த்தும் முன்பும் 'இதை எடுத்தா கீழே என்ன வரும்?' என்ற கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் வண்ணப் பெயர்கள் மட்டுமல்ல, மேல், கீழ், அடி, நடு, காலி, நிறைவு எல்லாமே நாக்கில் ஏறிவிடும்.

ஆடும்போது குழந்தை சிவப்பையும் பச்சையையும் திரும்பத் திரும்ப மாற்றிச் சொன்னால், கவனம் இல்லை என்று அதட்ட வேண்டாம். இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத தன்மை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அது அதிகம். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால் தெரிந்துவிடும். ரயில் எஞ்சின் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம் என்பதால், இதைச் சிறு வயதிலேயே அறிந்துகொள்வது நல்லது.

வாசகர்களுக்கு ஒரு வேலை: மேலே சொன்ன வழியில் எட்டாவது நகர்வைத் திருப்பிப் போடுங்கள். ஆ-வின் பச்சையை இ-க்கு ஊற்றாமல், இ-யின் பச்சையை ஆ-வுக்கு ஊற்றுங்கள். அப்படியும் மொத்தம் பதின்மூன்றே நகர்வுகளில் முடிக்கலாம். எப்படி என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து கண்டுபிடியுங்களேன்!