கட்டுநாயக்கவுக்கு மின்சாரக் கார்: ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை

சென்னையில் விமானம் ஏறிய ஒருவர் ஒன்றரை மணித்தியாலத்திற்குள் கட்டுநாயக்கவில் இறங்கிவிடலாம். ஆனால், அங்கிருந்து யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ உள்ள தமது வீட்டுப் படியை மிதிப்பதற்கு அவர் இரவு முழுவதும் வீதியிலேயே கழிக்க வேண்டியுள்ளது. மத்திய கிழக்கில் உழைத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், உம்ராவை நிறைவேற்றிவிட்டு வருவோர், புலம்பெயர்ந்த பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோர், உயர்கல்விக்காகப் புறப்படும் மாணவர் ஆகிய அனைவருக்கும் பயணத்தின் கடினமான பகுதி தரையிலேயே உள்ளது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பிக்கப்பட்ட போதிலும், வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்வோருக்குக் கட்டுநாயக்கவே இன்னமும் வாசலாக இருந்து வருகின்றது.

இந்த நீண்ட தரைப் பயணத்திற்கு மின்சாரக் கார்களை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்ற விளம்பரங்கள் அண்மைக்காலமாகப் பெருகி வருகின்றன. புகையில்லை, இரைச்சலில்லை, செலவும் குறைவு என்று கூறப்படுகின்றது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், கொழும்பில் வசிப்பவருக்குப் பொருந்தும் ஒரு விடயம் மட்டக்களப்பில் வசிப்பவருக்கும் அப்படியே பொருந்துமா என்பதைக் கேட்டுப் பார்க்காமல் முற்பணம் செலுத்துவது புத்திசாலித்தனமாகாது.

மின்சாரக் கார் எமது நாட்டிற்கு முற்றிலும் புதியதொன்றல்ல. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்யப்பட்டன. பின்னர் வரி மாற்றங்களாலும், 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடையாலும் அந்த வரவு நின்றுபோனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டதைத் தொடர்ந்து, பி.வை.டி. உள்ளிட்ட சீன நிறுவனங்களின் புதிய மின்சாரக் கார்கள் எமது வீதிகளில் ஓடத் தொடங்கின. ஆகவே, இன்று 'மின்சாரக் கார்' என்ற ஒரே பெயரால் இரு வேறு தலைமுறை வாகனங்கள் அழைக்கப்படுகின்றன. வாடகைக்குப் பேசுபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே.

பழைய லீஃப் கார்களின் பற்றரி, புதிதாக இருந்தபோதே 24 அலகு மின்சாரத்தை மட்டுமே கொள்ளக்கூடியதாக இருந்தது. பற்றரியைக் குளிர்விப்பதற்கான தனி ஏற்பாடு அவற்றில் இல்லாததால், எமது நாட்டு வெப்பத்தில் அந்தக் கொள்ளளவும் ஆண்டுதோறும் குறைந்து வந்துள்ளது. இவ்வாறான கார் நீர்கொழும்பிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விமான நிலையம் செல்வதற்குப் போதுமானது. அதற்கு அப்பால் அதனை நம்ப முடியாது. புதிய கார்களிலோ 60 அலகு அளவிலான பற்றரிகள் சாதாரணமாகிவிட்டன.

கணக்கு எளிமையானது. ஓரளவு பெரிய மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீற்றர் ஓடுவதற்கு ஏறத்தாழ 16 அலகு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். புத்தளத்திலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 100 கிலோமீற்றர். போய்வர 32 அலகு போதும் என்பதால், 60 அலகு பற்றரி கொண்ட கார் வழியில் எங்கும் மின்னேற்றம் செய்யாமலேயே திரும்பிவிடும். மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அதற்கு 48 அலகு, அதாவது பற்றரியின் ஐந்தில் நான்கு பங்கு செலவாகும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று வருபவருக்கு 350 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் உண்டு. ஒரே மூச்சில் இதனை ஓடி முடிக்க முயல்வது, எரிபொருள் முள் சிவப்பில் நிற்கும்போது காட்டு வழியில் இறங்குவதற்கு ஒப்பானது.

உற்பத்தியாளர்கள் விளம்பரத்தில் குறிப்பிடும் தூரம் ஆய்வுகூட அளவீடு என்பதையும் மறந்துவிடலாகாது. நான்கு பயணிகள், நிறைந்த பொதிகள், இடைவிடாத குளிரூட்டி, வேகமான ஓட்டம் ஆகியன சேரும்போது அந்தத் தூரம் சுருங்கிவிடும். சொல்லப்பட்டதில் நான்கில் மூன்று பங்கையே கிடைக்கக்கூடியது எனக் கொள்வது நலம். மலையகத்திற்கு வேறொரு கணக்கு உண்டு. ஹற்றனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ இறங்கி வரும்போது, பிரேக் பிடிக்கும் சக்தியின் ஒரு பகுதியைக் கார் மீண்டும் மின்சாரமாக மாற்றிப் பற்றரியில் சேர்த்துக்கொள்ளும். திரும்பி மலையேறும்போது அதனைவிடப் பல மடங்கு செலவாகும். வரும்போது மிச்சமாக இருந்த மின்சாரத்தை நம்பித் திரும்பிச் செல்ல முற்படும் சாரதி இடைவழியில் நிற்க நேரிடும்.

அடுத்தது மின்னேற்றம். வீட்டுச் சுவரிலுள்ள சாதாரண மூன்று முனைச் செருகியில் பொருத்தினால், வெறுமையான 60 அலகு பற்றரி நிறைவதற்கு ஒரு நாள் முழுவதும் செல்லும். வீட்டில் தனியாகப் பொருத்தப்படும் 7 கிலோவோற் மின்னேற்றியில் எட்டு, ஒன்பது மணித்தியாலங்கள் எடுக்கும். வீதியோர விரைவு மின்னேற்றும் நிலையத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை நிரப்புவதற்கு முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை தேவைப்படும். அதற்கு மேல் நிரப்பும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மேலும், எல்லா நிலையங்களிலும் எல்லாக் கார்களுக்கும் மின்னேற்ற முடியாது. பழைய லீஃப் கார்கள் சாடெமோ என்னும் செருகியைப் பாவிப்பவை. புதிய கார்கள் பலவற்றில் சி.சி.எஸ்.2 என்னும் செருகியே உள்ளது. ஆதலால், "வழியில் சார்ஜ் பண்ணலாம்" என்று சாரதி பொதுப்படக் கூறுவதை ஏற்றுக்கொள்ளாது, எந்த ஊரில், எந்த நிலையத்தில், அது இரவில் திறந்திருக்குமா, அந்தச் செருகி அங்கு உண்டா என்று கேட்க வேண்டும். பதில் தெளிவாக இல்லையெனில் அந்தப் பயணத்தை அந்தக் காரில் ஒழுங்கு செய்யாதிருப்பதே உத்தமம்.

இவ்விடத்தில் நாம் வலியுறுத்த விரும்பும் ஒரு விடயம் உண்டு. வழியில் ஒரு மணித்தியாலம் நின்று மின்னேற்ற வேண்டும் என்பதை மின்சாரக் காரின் குறையாகவே பலரும் பேசுகின்றனர். ஆனால், விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பிய வாகனம் அதிகாலை வேளையில் மரத்துடனோ லொறியுடனோ மோதிய செய்திகளை நாம் எத்தனை தடவைகள் பிரசுரித்துள்ளோம்? ஆண்டுக்கணக்கில் காணாத தாயை அழைத்துவரச் சென்ற பிள்ளைகள் வீடு திரும்பாத சோகங்கள் எமது ஊர்களுக்குப் புதியனவல்ல. பகல் முழுவதும் ஓடி வந்த சாரதி, விமானம் வரும்வரை வாகனத் தரிப்பிடத்தில் விழித்திருந்து, மீண்டும் இரவோடிரவாகத் திரும்புகின்றார். டீசல் வான் அவரை எங்கும் நிற்கும்படி கேட்பதில்லை; அவசரப்படும் உறவினர்களும் கேட்பதில்லை. மின்சாரக் காரோ அவரை நிறுத்தியே தீரும். அந்த ஒரு மணித்தியாலத்தில் சாரதி கண்ணயரலாம், பயணிகள் தேநீர் அருந்தலாம், அருகில் பள்ளிவாசல் இருப்பின் சுபஹுத் தொழுகையை நிறைவேற்றலாம். அதனைத் தாமதமாகக் கருதாது பயணத்தின் ஒரு பகுதியாகவே திட்டமிட வேண்டும். எந்த வாகனமாயினும் நீண்ட தூரத்திற்கு இரண்டாவது சாரதி ஒருவரைக் கேட்பதும், அதற்கான மேலதிகச் செலவை ஏற்பதும் வீண் செலவாகாது.

முற்பதிவு செய்யும்போது நேரக்கூடிய தவறுகளில் முதன்மையானது திகதித் தவறாகும். 14 ஆம் திகதி அதிகாலை 1.30 மணிக்குப் புறப்படும் விமானத்திற்கு, 13 ஆம் திகதி இரவு 10.30 மணிக்கே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர், மின்னேற்றத்திற்கும் எதிர்பாராத தடைகளுக்கும் நேரம் ஒதுக்கி, 13 ஆம் திகதி நண்பகலளவில் புறப்பட வேண்டியிருக்கும். "14 ஆம் திகதி ஃபிளைட்" என்று மட்டும் கூறிவிட்டால், கார் ஒரு நாள் பிந்தி வாசலுக்கு வந்து நிற்கும். எனவே, வீட்டிலிருந்து புறப்படும் நாளையும் நேரத்தையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். வந்திறங்குவோர் விமானத்தின் இலக்கத்தைச் சாரதிக்குக் கொடுத்துவிட்டால், விமானம் தாமதமாவதை அவரே அறிந்துகொள்ள முடியும். குடிவரவு, பொதிகள், சுங்கம் என அனைத்தையும் முடித்து வெளியே வர, தரையிறங்கிய பின்னரும் ஒரு மணித்தியாலம் வரை செல்லலாம். காத்திருப்புக்கான கட்டணம் எந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படும் என்பதை முன்னரே பேசிக்கொள்ளாவிடின், வாசலிலேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

பொதிகளையும் மறைக்காமல் கூற வேண்டும். இரண்டு வருடங்களின் பின் திரும்பும் ஒருவரின் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும், உம்ரா சென்று வரும் ஒவ்வொருவரும் கொண்டுவரும் 5 லீற்றர் ஸம்ஸம் நீர்க் கொள்கலனும் சிறிய காரின் பின்பெட்டியில் அடங்குவதில்லை. வழியனுப்புவதற்கும் வரவேற்பதற்கும் பத்துப் பேர் செல்லும் வழக்கத்தை உடையவர்கள் நாம். அவ்வழக்கம் தொடருமாயின் வானே பொருத்தமானது. மின்சாரக் காரைப் பேசுவோர் இருவர், மூவரோடு அமைய வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 300 கிலோமீற்றருக்கு மின்சாரக் கார் 48 அலகு மின்சாரத்தைச் செலவிடுகையில், பெற்றோல் கார் 20 முதல் 25 லீற்றர் வரை குடிக்கின்றது. அன்றைய விலைகளைக் கொண்டு பெருக்கிப் பார்ப்பவருக்குப் பேரம் பேசும் வலு கிடைக்கும். அதேவேளை, வாகனத்தின் விலையையும் வெறுமையாகத் திரும்பும் தூரத்தையும் உரிமையாளர் கணக்கில் எடுப்பதில் அநியாயமில்லை. மொத்தத் தொகை, அதிவேக நெடுஞ்சாலைக் கட்டணம், வாகனத் தரிப்பிடக் கட்டணம், மின்னேற்றச் செலவு ஆகியவற்றை யார் ஏற்பது என்பதை வட்ஸ்அப் செய்தியாகவேனும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வாகன இலக்கமும் சாரதியின் பெயரும் கிடைக்காத நிலையில் முழுத் தொகையையும் முற்கூட்டியே அனுப்பலாகாது. காப்புறுதி வாடகைப் பாவனைக்கு உரியதா, தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் உரியதா என்பதையும் கேட்க வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கான காப்புறுதியோடு வாடகைக்கு ஓடும் வாகனம் விபத்துக்குள்ளானால், நட்டஈட்டைப் பெறுவது பெரும் சிக்கலாகிவிடும்.

தனியாக வந்திறங்கும் பெண்கள் விடயத்தில் மேலும் அவதானம் தேவை. வருடக்கணக்கான உழைப்பைக் கைப்பையில் சுமந்துவரும் அவர்களை, வெளிவாசலில் அணுகும் அறிமுகமற்றோர் இலகுவில் ஏமாற்றிவிடக்கூடும். வாகன இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் வீட்டார் முன்னரே அனுப்பி வைத்து, அவை இரண்டும் பொருந்தினால் மாத்திரம் ஏறும்படி அறிவுறுத்த வேண்டும். மின்னேற்றத்திற்காக நிற்கும் இடம் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக இருத்தல் அவசியம்.

அனைவருக்கும் வீட்டு வாசல் வரை தனி வாகனம் தேவையென்பதுமில்லை. புத்தளம், சிலாபம் ஊடாகக் கொழும்பு செல்லும் பஸ்ஸில் நீர்கொழும்பு வரை வந்து, எஞ்சிய சிறு தூரத்தை மட்டும் மின்சாரக் காரில் கடப்பது செலவையும் களைப்பையும் ஒருங்கே குறைக்கும். கொழும்பு செல்வோருக்கு 187 ஆம் இலக்க பஸ் சேவையும் உண்டு.

மின்சாரம் எல்லா நெருக்கடிக்கும் மருந்து என்று நாம் கூற வரவில்லை. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்து, வரிசைகளில் நாட்கள் கழிந்தபோது, விமானத்தைத் தவறவிடுவோமோ என்று கலங்கியோர் பலர். ஆனால், அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. ஆகவே, புறப்படுவதற்கு முதல் நாளே பற்றரி நிறைந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வீதிகளைத் துண்டித்த அனுபவத்தின் பின்னர், மழைக்காலத்தில் மாற்று வழியொன்றையும் அந்த மேலதிக தூரத்திற்கான மின்சாரத்தையும் கணக்கில் வைத்தல் வேண்டும்.

பயணிகள் எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும், வீதியில் மின்னேற்றும் நிலையம் இல்லாவிடின் பயனில்லை. மேல் மாகாணத்தில் செறிந்துள்ள இந்த வசதி வடக்கு, கிழக்கு, மலையகம் நோக்கிய வீதிகளில் அந்த அளவுக்குப் பரவவில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது பகல் வேளையில் மின்சாரம் மிகையாகி, கூரைச் சூரியக்கலங்களை நிறுத்தி வைக்குமாறு அதிகாரிகள் கோர நேர்ந்தது. அனுபவிக்க ஆளின்றி வீணாகும் அந்த வெயிலை வவுனியாவிலும் புத்தளத்திலும் ஹபரணையிலும் குருநாகலிலும் பயணிகளின் கார்களில் ஏற்றிவிட முடியாதா? இவ்வூர்களில் இரவு பகலாக இயங்கும் விரைவு மின்னேற்றும் நிலையங்களையும், அவற்றின் அருகே சாரதிகள் படுத்துறங்கக்கூடிய ஓய்விடங்களையும் அமைப்பதற்கு மின்சாரத்துறையும் உள்ளூராட்சி மன்றங்களும் எரிபொருள் நிலைய உரிமையாளர்களும் இணைந்து முன்வர வேண்டும். வருடக்கணக்கில் பாலைவனத்தில் உழைத்து இந்நாட்டிற்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தருவோர், கடைசி 300 கிலோமீற்றரையும் பாதுகாப்பாகக் கடந்து வீடு சேருவதற்கு உரித்துடையவர்கள் என்பதைச் சம்பந்தப்பட்டோர் மனங்கொள்வார்களாக.