கொழும்பில் ட்ரெய்னிங்: தடுப்பது மார்க்ஸ் அல்ல, முதல் மாதம்

மலையகத்துப் பொகவந்தலாவையில் பறிக்கும் கொழுந்து அங்குள்ள தொழிற்சாலைகளிலேயே தேயிலையாகிறது. அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் கொழும்பில்தான். 1883 இல் தொடங்கிய தேயிலை ஏலம், சுவை பார்ப்போர், ஏற்றுமதியாளர்கள், தோட்டக் கம்பனிகளின் தலைமையகங்கள் எல்லாம் அங்கே. 1888 இல் ஹட்டனில் பிறந்த வங்கியின் வழிவந்ததுதான் ஹட்டன் நஷனல் வங்கி. அதன் தலைமையகமும் இன்று கொழும்பில். ஆகவே கணக்கியலோ முகாமைத்துவமோ கணினியோ படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர், ட்ரெய்னிங் பருவம் வந்ததும் மலையிறங்க வேண்டியிருக்கிறது.

பல பட்டப்படிப்புகளில் இந்தப் பயிற்சி கட்டாயப் பாடம். முடிக்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகும். பொறியியல், தொழில்நுட்ப மாணவர்களுக்கு ஓர் அரச வழி இருக்கிறது: நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இதன் தலைமை அலுவலகம் இராஜகிரியவில் உள்ளது. கல்வி நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு ஊடாக இதை அணுகலாம். வர்த்தகமும் கலையும் படிப்போரில் பலருக்கு இப்படியொரு பாதை கிடையாது. பீடத்தின் கடிதத்தையும் சுயவிபரக்கோவையையும் எடுத்துக்கொண்டு தாமே அலைய வேண்டும்.

அங்கேதான் அறிமுகம் பேசத் தொடங்குகிறது. கொழும்பில் பிறந்த மாணவிக்கு வங்கியில் ஒரு மாமா, கணக்காய்வு நிறுவனத்தில் அக்காவின் தோழி என்று யாராவது இருப்பார்கள். தோட்டத்திலிருந்து போகிறவருக்குத் தெரிந்த கொழும்பு, பெரும்பாலும் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் உறவினர்களின் கொழும்புதான். அவர்கள் தங்க இடம் தருவார்கள், சோறு போடுவார்கள். ஆனால் ஒரு மனிதவள முகாமையாளரின் மேசைக்கு அவர்களால் வழிகாட்ட முடியாது. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பலரது வீட்டில் கெம்பஸ் போன முதல் ஆள் இவர்கள்தான். இந்த அறிமுகமின்மையைத் திறமைக் குறைவென்று யாராவது சொன்னால் அது அநியாயம்.

பணக்கணக்கு இன்னும் கடினமானது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக உயர்த்தி, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு 200 ரூபா சேர்க்கும் என்று 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு மாதம் 25 நாளும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தால்கூட 43,750 ரூபா. சேமலாப நிதிக் கழிவு போக மிஞ்சுவது அதிலும் குறைவு. மழைக்காலத்தில் அரைப்பேரும் விழும். மாணவருக்குக் கிடைக்கும் மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போர்டிங் எடுத்தால் முற்பணமும் முதல் மாத வாடகையும் ஒன்றாகக் கேட்பார்கள். அலுவலகத்துக்கேற்ற உடுப்பு, சப்பாத்து, பஸ் காசு, மதியச் சாப்பாடு எல்லாம் முதல் நாளே தொடங்கிவிடும். பயிற்சிப் படி தரும் நிறுவனமாக இருந்தாலும் அது மாதமுடிவில்தான் வரும். எதுவுமே தராத இடங்களும் உண்டு. கிடைத்த பயிற்சி இடத்தைப் பிள்ளைகள் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். தோடு அடகுக்கடைக்குப் போவதும் இதற்காகத்தான்.

பாதை தெளிவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொட்டகலை, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைப் பாருங்கள். அங்கே இரண்டு வருடம் தங்கிப் படித்த ஆசிரிய மாணவர்கள் மூன்றாம் வருடக் கட்டுறுப் பயிற்சிக்கு இடம் தேடி அலைவதில்லை, பாடசாலை ஒதுக்கப்படுகிறது. மலையகத்தில் இத்தனை பேர் ஆசிரியத் தொழிலை நாடியதற்கு அந்தத் தெளிவான பாதையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். மற்றத் துறைகளிலும் பாதை போட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் நடப்பார்கள். இந்தியா 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் பயிற்சித் திட்டம், மாதம் 5,000 இந்திய ரூபாவுடன், சேரும்போதே 6,000 ரூபாவை ஒருமுறை உதவியாகத் தருவதாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தொடக்கப் பணம்தான் நமக்கும் வேண்டியது.

தேடுபவர் இப்போதே செய்யக்கூடியவை சில. பயிற்சி தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து கைமாறிக் கிடைக்கும்போது நேர்முகத் தேர்வே முடிந்திருக்கலாம். அதனால் மின்னஞ்சலையும், எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் முதலில் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று இரண்டையும் ஊரை விட்டுக் கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். பிறகு அதற்காகத் திரும்பி வந்தால் பயிற்சி நாளும் போகும், காசும் போகும். படி உண்டா, எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். இரசாயனம், விவசாயம் படிப்போர் தலவாக்கலை சென்கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தையும் விசாரிக்கலாம். 1925 முதல் இயங்கும் அது மலையகத்திலேயே இருக்கிறது.

தோட்டக் கம்பனிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கணக்கு, மனிதவளம், சந்தைப்படுத்தல் என்று தலைமையகத்தில் உள்ள ஒவ்வொரு பிரிவிலும் தம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருடம் ஓர் இடத்தை ஒதுக்கி, முதல் மாதப் படியை முன்கூட்டியே கொடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் மேசையில் வைக்கலாம்.