இன்டெல்லை விட்டு மேக் வெளியேறியபோது

2020 நவம்பர் 10 அன்று எம்1 சிப்பை ஆப்பிள் அறிமுகப்படுத்தியதும் வேகம், பேட்டரி, மின்விசிறியே இல்லாத மேக்புக் ஏர் என்று எல்லோரும் பேசினார்கள். மென்பொருள் எழுதுகிறவர்களின் கவலை வேறாக இருந்தது. ஹோம்ப்ரூ ஓடுமா? டாக்கர் ஓடுமா? பைத்தானும் நம்பையும் என்ன ஆகும்? நவம்பர் 17 முதல் கணினிகள் கைக்கு வரத் தொடங்கின. அந்தக் கேள்விகள் பலவற்றுக்கு அப்போதும் ‘இன்னும் இல்லை’ என்பதே பதில்.

ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் சொந்தக் கட்டளைத் தொகுப்பு உண்டு. இன்டெல்லின் எக்ஸ்86-64 கட்டளைகளாகக் கம்பைல் செய்த நிரல், ஆர்ம் பிராசசரில் அப்படியே ஓடாது. ஆப்பிளுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. மோட்டரோலா 68000 வரிசையிலிருந்து பவர்பிசிக்கு 1994இல் போனது. அங்கிருந்து இன்டெல்லுக்கு 2006இல் வந்தது. மூன்றாவது இடப்பெயர்ச்சியை 2020 ஜூனில் அறிவித்து, ஐபேட் புரோவின் ஏ12இசட் சிப் பொருத்திய மேக் மினி ஒன்றை 500 டாலருக்கு நிரலர்களிடம் கொடுத்தது. ஒத்திகைக்கான கணினி அது, பிறகு திருப்பித் தந்துவிட வேண்டும்.

பழைய நிரல்களைக் காப்பாற்ற வந்தது ரொசெட்டா 2. இன்டெல் நிரலை முதல்முறை திறக்கும்போதே அதை ஆர்ம் கட்டளைகளாக மொழிபெயர்த்துச் சேமித்துக்கொள்ளும். அதன் திறமையைக் காட்ட ஒரு நுட்பம் போதும். இன்டெல் சிப்பில் ஒரு கோர் நினைவகத்தில் எழுதுவதை மற்றக் கோர்கள் எழுதிய அதே வரிசையில்தான் பார்க்கும். ஆர்ம் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. வேகத்துக்காக வரிசையை மாற்றிக்கொள்ள இடம் விடுகிறது. இன்டெல்லின் வரிசையை நம்பி எழுதிய நிரலை அப்படியே மொழிபெயர்த்தால், என்றோ ஒருநாள், காரணமே பிடிபடாமல் அது தவறும். மென்பொருளால் ஈடுகட்டலாம், ஆனால் வேகம் படுத்துவிடும். அதனால் எம்1 சிப்புக்குள்ளேயே ஒரு வசதியை வைத்தார்கள்: ரொசெட்டாவின் வேலை ஓடும்போது அந்தக் கோர் இன்டெல்லின் வரிசை விதிக்கு மாறிக்கொள்ளும். சிப்பையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் வடிவமைத்ததன் பலன் இது.

ஆனால் சாதாரணப் பயனருக்கு வரமாக இருந்த ரொசெட்டா, நிரலர்களுக்குக் குழப்பத்தையும் கொண்டுவந்தது. அந்த முதல் மாதங்களில் வாய்மொழியாகப் பரவிய உபாயம் ஒன்று உண்டு: டெர்மினல் செயலியை நகலெடுத்து, அதன் தகவல் பெட்டியில் ‘ரொசெட்டா வழியாகத் திற’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். உண்மைதான், ஓடியது. ஆனால் அந்த டெர்மினலில் பிறக்கும் ஒவ்வொரு வேலையும் இன்டெல் வடிவையே விரும்பும். ஷெல் இன்டெல், அங்கே நிறுவும் பைத்தான் இன்டெல், பைத்தான் இறக்கும் லைப்ரரியும் இன்டெல். மறுநாள் மறதியாக வேறொரு டெர்மினலில் அதே வேலையைத் தொடங்கினால், ‘இருப்பது எக்ஸ்86-64, வேண்டியது ஆர்ம்64’ என்று ஒரு பிழைச்செய்தி வந்து நிற்கும். அந்த ஆண்டில் வீணான மணிநேரங்களில் பெரும்பங்கு இந்தக் கலப்படத்துக்கே போனது என்பேன். யூநேம் கட்டளையைக் கொடுத்து, எந்தப் பிராசசர் என்று கேட்டால் டெர்மினலே பதில் சொல்லிவிடும். அதைக் கேட்கத் தோன்றாமல் போனதுதான் சிக்கல்.

இந்தக் கலப்படத்தை வேரிலேயே வெட்டிய பெருமை ஹோம்ப்ரூ குழுவைச் சேரும். 2009இல் மேக்ஸ் ஹோவெல் தொடங்கிய திட்டம் இது. மேக்கில் நிரல் எழுதுகிறவர்களில் மிகப் பலர் கருவிகளை இதன் வழியாகத்தான் நிறுவுகிறார்கள். இன்டெல் மேக்கில் அதன் இருப்பிடம் ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் உள்ள ‘லோக்கல்’. எம்1க்கு அதே இடத்தைத் தொடர்ந்திருந்தால் யாருக்கும் எதுவும் மாறியிருக்காது. முதல்நாள் முணுமுணுப்பும் இருந்திருக்காது. அவர்கள் ‘ஆப்ட்’ அடைவுக்குள் ‘ஹோம்ப்ரூ’ என்று புது இடம் போட்டார்கள். சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீட்டைப்போல, இரண்டு வகை நிரல்களும் ஒரே கணினியில் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க முடிந்தது. அதிகாரபூர்வ ஆதரவு 2021 பிப்ரவரியில், 3.0.0 பதிப்பில் வந்தது. புது இடம் ஷெல்லின் தேடல் பாதையில் இல்லாததால், நிறுவி முடித்தவுடன் ‘ப்ரூ என்ற கட்டளை இல்லை’ என்ற செய்தியைப் பார்த்துப் பலர் திகைத்தார்கள். நிறுவும் நிரல் கடைசியில் காட்டும் கட்டளைகளை டெர்மினலில் கொடுத்தால் தீர்ந்தது. அந்தச் சின்ன அசௌகரியம், பின்னால் வரவிருந்த பெரிய சங்கடத்தைத் தவிர்க்கக் கொடுத்த விலை. சரியான விலை.

புள்ளியியல் ஆய்வாளர்களுக்கு வந்த சோதனை வேறு வகை. ஆர் மொழி, பைத்தானின் சைபை லைப்ரரி போன்றவற்றின் அடியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய கணித நிரல்கள் இன்றும் கிடக்கின்றன. 2020 இறுதியில் ஆர்ம் மேக்குக்கான ஃபோர்ட்ரான் கம்பைலர் ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பின் அதிகாரபூர்வ வெளியீட்டில் இல்லை. இயன் சாண்டோ என்ற நிரலர் தனிக்கிளையில் செய்துவந்த வேலையை நம்பித்தான் மற்றவர்கள் முன்னே போனார்கள். கம்பைலர் கிடைத்தாலும் போதாது. மிதவைப் புள்ளி எண்களில் ‘லாங் டபுள்’ என்ற வகை இன்டெல்லில் 80 பிட் துல்லியம் கொண்டது. ஆர்ம் மேக்கில் 64 பிட்தான். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். இன்னொன்று: தரவில் விடுபட்ட மதிப்பை ஆர் மொழி ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பாகச் சேமித்து, அதன் பிட்களுக்குள் 1954 என்ற எண்ணை அடையாளமாக ஒளித்து வைக்கிறது. கணக்குப் போட்டபின்னும் அந்த அடையாளம் அழியாமல் இருக்க வேண்டும் என்று மிதவைப் புள்ளித் தரநிலை எந்தச் சிப்பையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவேளை அழிந்திருந்தால், ஆய்வுத்தாள்களில் விடுபட்ட தரவும் தவறான கணக்கும் பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். இவை ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சோதித்துத்தான் 2021 மே மாதம் 4.1.0 பதிப்பில் ஆர் மொழியை எம்1க்கு நேரடியாகக் கொடுத்தார்கள். காண்டா ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்தின் தன்னார்வலர்கள் இதற்கும் முந்தியவர்கள். எம்1 விற்பனைக்கு வருமுன்பே இன்டெல் கணினிகளில் உட்கார்ந்து ஆர்முக்கான பேக்கேஜ்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பைத்தான் 3.9.1 பதிப்போ 2020 டிசம்பரிலேயே இரு வகைக்குமான நிறுவியோடு வந்தது. கோ மொழி 2021 பிப்ரவரியில், நோட் ஏப்ரலில்.

டாக்கர் கதை கொஞ்சம் கசப்பானது. டாக்கர் கண்டெய்னர்களுக்கு லினக்ஸ் கெர்னல் வேண்டும். மேக்கில் அது மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. மெய்நிகர் கணினிகளை ரொசெட்டா அன்று தொடவில்லை. 2021 ஏப்ரலில் எம்1க்கான டாக்கர் முழுமையாக வந்தபோதும், உள்ளே ஓடியது ஆர்ம் லினக்ஸ். இன்டெல்லுக்குக் கட்டிய இமேஜ்கள் கியூஎம்யூ என்ற எமுலேட்டர் வழியே மெல்ல நகர்ந்தன. பல இணையதளப் பாடங்கள் தொடங்கும் மைஎஸ்க்யூஎல்லின் அதிகாரபூர்வ இமேஜுக்கே அப்போது ஆர்ம் வடிவம் இருக்கவில்லை. அதற்குப் பதில் மரியாடிபியைப் பயன்படுத்துங்கள் என்று டாக்கரின் ஆவணமே சொன்னது. லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குள்ளும் ரொசெட்டாவைப் பயன்படுத்தும் வழி 2022இன் மேக்ஓஎஸ் வெஞ்சுராவில்தான் திறந்தது. அதற்குள் அமேசானின் கிராவிடன் சர்வர்களும் ஆர்ம் இமேஜ்களுக்குத் தேவையைக் கூட்டிவிட்டிருந்தன.

இவற்றையெல்லாம் பழைய கதையென்று ஒதுக்க முடியாது. இன்டெல் மேக்கிலிருந்து புது மேக்குக்கு மைக்ரேஷன் அசிஸ்டென்ட் வழியாக மாறியவர்களின் கணினியில் பழைய ஹோம்ப்ரூவும் அதன் இன்டெல் கருவிகளும் சேர்ந்தே வந்திருக்கும். ரொசெட்டா அவற்றைச் சத்தமின்றி ஓட்டிக்கொண்டிருப்பதால் உரிமையாளருக்கே தெரியாது. பவர்பிசி நிரல்களை இன்டெல் மேக்கில் ஓட்டிய முதல் ரொசெட்டாவை 2011இல் லயன் பதிப்போடு ஆப்பிள் எடுத்துவிட்டது. இரண்டாவதற்கும் நாள் குறித்தாயிற்று: மேக்ஓஎஸ் 27 வரைதான் முழு வசதி, அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள்.

ஆகவே ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து ‘வகை’ என்ற பத்தியில் இன்டெல் என்று எவை நிற்கின்றன என்று பாருங்கள். ப்ரூ எந்த அடைவிலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். லோக்கல் என்று பதில் வந்தால், பண்டில் டம்ப் கட்டளையால் நிறுவியவற்றின் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டு, புது இடத்தில் ஹோம்ப்ரூவைப் புதிதாக நிறுவி, பட்டியலை அதனிடம் கொடுங்கள். பைத்தானின் மெய்நிகர்ச் சூழல்களை நகர்த்தப் பார்க்காதீர்கள். அழித்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானபின் பழைய ஹோம்ப்ரூவை அதன் நீக்கும் நிரலாலேயே நீக்கலாம்.