மின்நூலகத் தளங்களின் கட்டமைப்புத் தேர்வு: மதுரைத் திட்டம், நூலகம் ஆகியவற்றை முன்வைத்து

முன்னுரை

கிண்டியிலும் அதனை அடுத்த கோட்டூர்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியன அருகருகே அமைந்துள்ளன. கணினி அறிவும் தமிழறிவும் இத்துணை நெருங்கியிருக்கும் சூழலிலும், தம் சேகரிப்பை இணையத்தில் ஏற்ற விழையும் தமிழ்த்துறை முதலில் ஒரு வினாவிற்கு விடை காண வேண்டியுள்ளது. பக்கங்களைக் கையால் நிரல் எழுதி உருவாக்குவதா, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு ஒன்றை நிறுவுவதா என்பதே அவ்வினா. இரு தமிழ் மின்நூலகங்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

இருவகைக் கட்டமைப்பு

கையால் எழுதப்படும் தளத்தில் ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பாகும். வழங்கி அதனை உள்ளவாறே வாசகருக்கு அனுப்புகிறது. வேர்ட்பிரஸ், மீடியாவிக்கி போன்ற மேலாண்மை அமைப்புகளிலோ உரை தரவுத்தளத்தில் இருக்கும். வாசகர் கேட்கும்போது நிரல் அதனை எடுத்துப் பக்கமாகத் தொகுத்தளிக்கும். முன்னதில் பக்கமே மூலம். பின்னதில் பக்கம் மூலத்தின் ஒரு தோற்றம் மட்டுமே.

மதுரைத் திட்டம்

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் தன்னார்வலர்களால் வளர்ந்தது. நூல்தோறும் வரிசை எண்ணும் தனிக் கோப்பும் உண்டு. டிஸ்கிக் குறியேற்றத்தில் அமைந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. உரை தனிக்கோப்பாக இருந்தமையால் அம்மாற்றத்தை நூல்வாரியாக நிகழ்த்த இயன்றது. இணைய இணைப்பின்றியும் அக்கோப்பைத் திறந்து படிக்கலாம். எவரும் படியெடுத்துக் காக்கலாம். ஒருவர் ஏட்டை மற்றொருவர் பெயர்த்தெழுதிக் காத்த மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளத் தகும்.

நூலகம்

ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டும் 'நூலகம்' 2005இல் தொடங்கி மீடியாவிக்கியைக் கையாண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதன் இழப்பை நினைந்தால், அம்மண்ணின் ஆவணங்களை விரைந்து திரட்ட வேண்டிய தேவை விளங்கும். இங்கு நூல், இதழ், நாளிதழ், மலர் எனப் பல வகை ஆவணங்கள் உள்ளன. ஒரே ஆவணம் ஆசிரியர், ஆண்டு, வகை எனப் பல வழிகளில் தேடப்படுகிறது. பலர் விவரங்களைச் சேர்க்கவும் திருத்தவும் வேண்டியுள்ளது. இவற்றைத் தனித்தனிக் கோப்புகளில் கையால் பேணுவது அரிது. பகுப்புப் பக்கங்களைத் தானே தொகுப்பதும் திருத்த வரலாற்றைப் பதிந்துவைப்பதும் மீடியாவிக்கியின் இயல்புகளாம்.

தேர்வின் அடிப்படைகள்

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. முடிவுற்ற பாடத்தைப் பாதுகாப்பதே நோக்கமாயின் தனிக்கோப்பு போதும். பலர் கூடி வளர்க்கும் அட்டவணையாயின் மேலாண்மை அமைப்பு இன்றியமையாதது.

இரண்டிற்கும் விலை உண்டு. கைவழித் தளத்தில் தலைப்புப்பட்டையை மாற்றினாலும் எல்லாக் கோப்புகளையும் திருத்த நேரும். நிரல் அறிந்தவர் ஒருவரையே பணி சார்ந்திருக்கும். மேலாண்மை அமைப்பிலோ மென்பொருளையும் செருகுநிரல்களையும் இடையறாது புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஊடுருவலுக்கு இடமாகும். 2018இல் வெளிவந்த எட்டாம் பதிப்பிற்கு முன்வரை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இயல்பிருப்புக் குறியேற்றம் இலத்தீன் எழுத்துக்குரியதாகவே இருந்தது. அதனைக் கருதாது நிறுவிய தளங்களில் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகச் சிதையக்கூடும்.

ஜெக்கில் (2008), ஹியூகோ (2013) போன்ற நிலைப்பக்க ஆக்கிகள் இடைவழி ஒன்றைக் காட்டுகின்றன. உரை எளிய கோப்பாகவே இருக்கும்; வார்ப்புருவில் ஒருமுறை செய்யும் மாற்றம், தளத்தை மீண்டும் ஆக்கும்போது எல்லாப் பக்கங்களிலும் பரவும். ஆயினும் அவற்றைக் கையாளவும் ஓரளவு நிரலறிவு தேவை.

முடிவுரை

துறைத் தளத்தைப் பெரும்பாலும் ஆய்வு மாணவர் ஒருவர் அமைக்கிறார். பட்டம் பெற்றதும் அவர் சென்றுவிடுகிறார். எனவே 'எது எளிது?' என்பதினும் 'அமைத்தவர் சென்றபின் பேணுபவர் யார்?' என்பதே முதல் வினாவாதல் வேண்டும். பேணுநர் குழு இருப்பின் மேலாண்மை அமைப்பையும், இல்லையேல் தனிக்கோப்புகளையும் தெரிதல் பொருந்தும். எதனைத் தெரியினும், உரை முழுவதையும் ஒருங்குறியில் எளிய கோப்புகளாகத் தனியே ஓரிடத்தில் வைத்தலும், ஆய்வேடுகளில் மேற்கோளாகும் இணைய முகவரிகளை மாற்றாதிருத்தலும் கட்டாயமாகும். முகவரி மாறின் அடிக்குறிப்பு வழிகாட்டாது. உரையும் மறையின் அதனைச் சார்ந்த ஆய்வு முடிவைச் சரிபார்க்க வழியிராது.